புரட்டாசியில் எரியாத விளக்கு

எனக்கு முன்கோபம் உண்டு. அதோடு இன்னொரு வியாதியும் உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பம்பு செட் மோட்டார்களுக்கு வருஷக்கணக்கில் காயில் கட்டியவன் நான். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் என் மனைவி அதை முதலில் என் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பாள், பிறகுதான் கடைக்குக் கொண்டுபோவாள். கோபமும் இந்தக் குடைச்சலும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் யாருக்காவது கஷ்டம்தான். அந்த வருஷம் என் டிரைவருக்குக் கஷ்டம்.

கிணறுகள் எல்லாம் வீட்டு மனைகளுக்கு அடியில் போன பிறகு மோட்டார் வேலை குறைந்தது. நான் ஒரு டீசல் பிக்கப் வாங்கினேன். திருவிடந்தை கரையில் காலையில் மீன் ஏலம் முடிந்ததும் ஐஸ் போட்டு ஏற்றி, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும். மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாக்கள் எட்டுப் பேர் என் வண்டியை நம்பி இருந்தார்கள். ஓட்டுவதற்கு ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஓர் ஆளை வைத்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டான், சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவான். ஏன் என்று கேட்டால், இன்ஜின் சத்தம் காதில் விழுந்தால்தான் கை சரியாக இருக்கும் என்பான். அவன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் தூங்கியிருக்கிறேன். வேறு யார் ஓட்டினாலும் எனக்குத் தூக்கம் வராது.

ஆடி மாதம் ஒரு காலையில் அவனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாத்த, கழுக்குன்றம் தாண்டி நிக்கிறேன். வண்டி இழுக்கல. மஞ்ச லைட்டு எரியுது. எவ்ளோ மிதிச்சாலும் முப்பதுக்கு மேல போவ மாட்டேங்குது."

முப்பதிலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஐஸ் பாதி கரைந்து, மத்தி வயிறு தளர்ந்து, மார்க்கெட் அம்மாக்கள் என்னை வாய்க்கு வந்தபடி வாழ்த்தினார்கள். மறுநாள் வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் சென்சார் சார். சூடு ஓவரா காட்டிருக்கு" என்றார்.

எனக்கு அது என்ன சாமான் என்று பார்த்தே ஆகவேண்டும். கழற்றியதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பென்சில் பருமனில் ஓர் இரும்புக் குச்சி, அதன் பின்னால் ஒரு முழ ஒயர், ஒயர் முனையில் வண்டி ஒயரோடு சொருகுவதற்கான பிளாஸ்டிக் கப்ளர். சைலன்சர் குழாயில் இந்த மாதிரி இரண்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. புகை எவ்வளவு சூடாகப் போகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இவற்றின் வேலை. சூடு அளவுக்கு மீறினால் கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கிவிடும், மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். தகவல் உண்மையா பொய்யா என்பது அதற்குக் கவலை இல்லை. பின்பக்கத்துச் சென்சார்தான் அதிகமாகக் காட்டியது என்பதால் அதை மட்டும் மாற்றினார்கள்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் அதே இடம், அதே விளக்கு. மறுபடியும் சென்சார் மாற்றினார்கள். ஆவணி கடைசியில் மூன்றாவது முறை. இந்தத் தடவை மெக்கானிக் வண்டியை அரைமணி நேரம் ஓடவிட்டு ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகக் காட்டியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சென்சார் புதுசு. இங்க நின்னா ஒண்ணும் இல்ல. அப்போ ரோட்டுல நெஜமாவே சூடு ஏறுது. டிரைவர் எப்படி சார் ஓட்டறாரு?" என்று கேட்டார்.

அவர் கேள்வியாகத்தான் கேட்டார். நான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் டிரைவரைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்தே கேட்டேன்.

"எவ்ளோ மிதிக்கிற?"

"அம்பதுக்கு மேல போனதே இல்ல அண்ணாத்த. மீன் வண்டி, ஆட்டினா ஐஸு ஒடஞ்சிடும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ எப்படி சூடு ஏறுது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எனக்கும் அதான் புரியல. ஒண்ணு மட்டும் பாத்துகினே வரேன். லைட்டு வந்ததும் எங்கனா மேடா பாத்து, மூக்கு மேல இருக்கிற மாரி நிறுத்திட்டேன்னா, செத்த நேரத்துல தானா சரியாவுது. பள்ளத்துல நிறுத்தினா ஆவறதில்ல."

அதைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னிடமே கதை விடுகிறான் என்று தோன்றியது. "கழுக்குன்றம் மலைய பாத்து கும்புட்டா லைட்டு அணஞ்சிடுமா? நல்லா கீதுடா நீ சொல்றது. சாவிய வெச்சிட்டு போ" என்றேன்.

அவன் சாவியைக் காம்பவுண்டு சுவர் மேல் வைத்துவிட்டுப் போனான். என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பொறுமையா கேட்டு இருக்கலாம்" என்றாள். வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயையும் அடைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து நானே ஓட்டினேன். என் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, இரண்டே நாளில் புரட்டாசி பிறந்துவிட்டது.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. எங்கள் தெருவிலும் கிடையாது. செங்கல்பட்டு மீன் மார்க்கெட் அந்த மாதம் படுத்துவிடும். எட்டு அம்மாக்களில் ஐந்து பேர் கடையே போடமாட்டார்கள், மீதி மூன்று பேர் ஆளுக்கொரு கூடையோடு பஸ்ஸில் வந்துவிடுவார்கள். நான் மாதம் பிறப்பதற்கு முன்பே வண்டியை சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மீன் வாடையே இல்லாமல் செய்துவிடுவேன். அந்த ஒரு மாதமும் செங்கல்பட்டிலிருந்து காய்கறியும் வாழை இலையும் ஏற்றிக்கொண்டுபோய் ஈசிஆர் ரோட்டில் இருக்கும் ரிசார்ட்டுகளுக்குப் போடுவேன். அதே ரோடு, அதே திருக்கழுக்குன்றம், திசை மட்டும் மாறும்.

அந்த மாதம் முழுக்க மஞ்சள் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

என் பெருமையைக் கேட்க வேண்டுமா? தினமும் வீட்டுக்கு வந்ததும், "பாத்தியா, நான் ஓட்டினா வரல" என்று மனைவியிடம் சொல்வேன். மார்க்கெட்டில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். திருவிடந்தை கரைப் பக்கம் இலை இறக்கப் போனபோது ஏலக்காரரிடம் சொன்னேன். அங்கே இரண்டு மீன் வண்டி வைத்திருக்கும் ஓனர் ஒருவர் உண்டு, என்னைவிடப் பெரியவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் டிரைவர் என்கிட்ட வேலை கேட்டு வந்துகீறான். ஆள் எப்படி?" என்றார்.

"வேணாண்ணா. வண்டிய மிதிச்சே கொன்னுடுவான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கரையில் ஒருவர் சொன்னால் போதும், மீன் வண்டி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை. அவன் செங்கல்பட்டிலிருந்து ரயில் ஏறி கூடுவாஞ்சேரிக்குப் போய், கட்டடங்களில் கலவை தூக்கிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது மனசுக்குள் ஏதோ உறுத்தியது உண்மை. ஆனால் விளக்குதான் எரியவில்லையே.

ஐப்பசி பிறந்தது. ஒரு மாதம் பட்டினி கிடந்தது மாதிரி ஊரே மீன் கேட்டது. முதல் நாளே வண்டி நிறைய சங்கராவும் கானாங்கெளுத்தியும் ஏற்றி, மேலே ஐஸைக் கொட்டிக்கொண்டு புறப்பட்டேன். நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்லமுடியும், ஏனென்றால் எனக்கு என்னையே நிரூபித்துக் காட்டும் ஆசை இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி முப்பதுக்கு வந்து நின்றது.

ஓரம் கட்டினேன். கோபம் வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வண்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை. பின்னால் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. சீட்டில் உட்கார்ந்தபடி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி முழுக்க விரதம் இருந்துவிட்டு ஐப்பசி முதல் தேதி எரிகிறதே, இதற்கு யார் காலண்டர் காட்டினார்கள் என்று தோன்றியது. அப்போதுதான் என்னுடைய இரண்டாவது வியாதி விழித்துக்கொண்டது.

மறுநாள் செல்போனோடு பேசும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினேன். இனி எந்தச் சென்சார் என்ன சொல்கிறது என்று போனிலேயே எண்ணாகத் தெரியும். அடுத்த நாள் காலை கரையில் லோடு ஏற்றும்போது சாவியைப் போட்டுப் பார்த்தேன். முன் சென்சார் இருபத்தொன்பது டிகிரி, பின் சென்சார் முப்பது. ஆறின வண்டி, சரியாகத்தான் சொல்கிறது. மாமல்லபுரம் தாண்டியபோது இருநூற்றுப் பத்து, நூற்றுத் தொண்ணூறு. அதுவும் நியாயம். திருக்கழுக்குன்றம் தேரடி வரைக்கும் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி கூடவே போயின. ஊரைத் தாண்டியதும் பின் சென்சார் மட்டும் முந்நூறு, நானூறு, அறுநூறு என்று ஏறியது. முன் சென்சார் இருநூற்று இருபதிலேயே இருந்தது.

வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் போட்டுவிட்டு எண்களைப் பார்த்தேன். முன் சென்சார் மெல்ல மெல்ல இறங்கியது. இருநூறு, நூற்றுத் தொண்ணூறு, நூற்று எண்பது. பின் சென்சார் அறுநூற்று நாற்பதிலிருந்து எழுநூறுக்குப் போனது, ஐநூற்றுத் தொண்ணூறுக்கு வந்தது, திரும்ப அறுநூற்று ஐம்பதுக்கு ஏறியது. இன்ஜினே ஓடவில்லை.

குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினால் அது மெதுவாகத்தான் ஆறும். எந்தச் சூடும் இப்படிக் குதிக்காது. குதிப்பது கரண்ட்டின் குணம். எங்கேயோ கசிவு இருக்கிறது. மோட்டார் காயிலில் ஈரம் ஏறினால் மீட்டர் முள் இப்படித்தான் ஆடும் என்பதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் சூடு ஏறவே இல்லை. சூடு ஏறவில்லை என்றால் யாரும் மிதிக்கவில்லை.

அந்த நினைப்போடு டிரைவர் சொன்ன மேடு ஞாபகம் வந்தது. அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கொஞ்ச தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏறும் சரிவுப்பாதை இருந்தது. உருட்டிக்கொண்டுபோய், வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி அதில் ஏற்றி நிறுத்தினேன். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் நானூறு. பத்து நிமிஷத்தில் முன் சென்சாருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நான் அதைக் கேலி செய்து அவனை அனுப்பியிருக்கிறேன்.

மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு, ஐஸ் பெட்டிகளோடேயே வண்டியைத் திருப்பி, முன்பக்கம் கொஞ்சம் பள்ளமாக இருக்கிற இடத்தில் நிறுத்தி, கீழே அட்டையைப் போட்டுப் படுத்து உள்ளே நகர்ந்தேன். சென்சார் ஒயர் போகிற வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று இருந்தது. துடைத்து முகர்ந்தேன். மீன் தண்ணீர். நிமிர்ந்து பார்த்தால் வண்டித் தளத்தில் ஓர் ஓட்டை, அதற்கு நேர் கீழே பின் சென்சாரின் கப்ளர், ஒவ்வொரு சொட்டும் அதன் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது.

அந்த ஓட்டையை எனக்குத் தெரியும். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையால் டிரில் போட்ட ஓட்டை அது. அதற்கு முன் ஐஸ் தண்ணீர் பின்கதவு வழியாக ரோட்டில் கொட்டும். ஒருநாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக்கில் பின்னால் வந்த ஒருத்தர் சட்டை நனைந்து, வண்டியை மறித்து, என் பரம்பரையை எல்லாம் விசாரித்தார். அந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து, தளத்தின் முன்மூலையில் ஓட்டையைப் போட்டுத் தண்ணீர் அங்கேயே வடியட்டும் என்று விட்டேன். அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. எதையும் கழற்றிப் பார்க்கிற நான், அன்றைக்குக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கப்ளரைப் பிரித்தேன். உள்ளே இரண்டு ஊசிப் பின்களும் பச்சை பூத்துக் கிடந்தன. ஈரம் புகாமல் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பிளந்திருந்தது. புதுச் சென்சார் வாங்கினால் கப்ளரின் ஒரு பாதிதான் அதோடு வரும். மறுபாதி வண்டியின் ஒயரோடு இருப்பது. இரண்டு சென்சார் மாற்றியும் அந்தப் பழைய பாதி அப்படியே இருந்தது. சர்வீஸ் சென்டருக்கு வண்டி எப்போதும் கழுவித் துடைத்து, காய்ந்துதான் போகும். அங்கே அது எப்படிப் பொய் சொல்லும்?

இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. ஐஸ் தண்ணீர் பட்டால் குளிர்ச்சியைத்தானே காட்ட வேண்டும், ஏன் சூட்டைக் காட்டுகிறது? மத்தியானம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கப்ளரை ஊதிக் காயவைத்துச் சொருகினேன். போனில் முப்பத்தொன்று. போர் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டேன். தொண்ணூறு. பிறகு, கடல் மீன் தண்ணீரில் உப்பு உண்டே என்று சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் உப்பைக் கரைத்து எடுத்துவந்து ஸ்பூனால் விட்டேன். ஐநூற்று இருபது.

மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தபோது விளங்கியது. இந்த வகைச் சென்சாருக்குச் சூடு ஏற ஏற மின்தடை குறையும். கம்ப்யூட்டர் பார்ப்பது அந்தத் தடையை மட்டும்தான். இரண்டு பின்களுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் கரண்ட் அதன் வழியாகக் குறுக்கே ஓடிவிடும், தடை குறைந்ததாகத் தெரியும், சூடு ஏறிவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். ஐஸில் நனைந்துகொண்டே என் வண்டி தன்னை நெருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கரையிலிருந்து புறப்படும்போது ஐஸ் கெட்டியாக இருக்கும், திருக்கழுக்குன்றம் வரும்போதுதான் கரைந்து சொட்டத் தொடங்கும். மூக்கை மேலே தூக்கி நிறுத்தினால் தண்ணீர் பின்பக்கம் ஓடிவிடும். புரட்டாசியில் மீனும் இல்லை, ஐஸும் இல்லை. வாழை இலையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டாது.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஸ்பூனும் டம்ளருமாக வண்டிக்கு அடியில் கிடந்தேன். மனைவி வந்து குனிந்து பார்த்தாள்.

"வண்டிக்கு இன்னா, ரசம் வெக்கிறியா?"

நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் அவளுக்கு விளக்கினேன். ஓட்டையை அடைத்துவிட்டேன், இனிப் பின்பக்கமாக ஹோஸ் வைத்துத் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொள்ளலாம், கப்ளரைப் புதுசாகப் போட்டு மேலே ஏற்றிக் கட்டிவிடலாம் என்றேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"செரி, லைட்டு அணஞ்சிடுச்சி. அந்தாளு வூட்டுக்கு எப்போ போவப்போற?" என்றாள்.

என் சந்தோஷம் அங்கேயே வடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மூன்று நாள் போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கப்ளர் கிடைக்கவில்லை, லோடு அதிகம், மழை. வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விடும் நேரம் கழித்து, கழற்றிப்போட்ட பழைய கப்ளரை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன்.

வெள்ளைச் சட்டையோடு வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சேரை என் பக்கம் தள்ளினான். அவன் உள்ளங்கைகள் சிமெண்டில் வெந்து வெடித்திருந்தன. நான் உட்காரவில்லை. "தப்பு என் மேலதான்" என்று ஆரம்பித்து, காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

அவன் கப்ளரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பச்ச பூத்து கீது" என்றான். பிறகு, "அப்போ பள்ளத்துல நிறுத்தும்போது தண்ணி முன்னால வந்து அந்த ஓட்ட வழியா இதும்மேல சொட்டிகினு இருந்துகீது" என்றான். நான் ஸ்கேனர் போட்டு, வண்டிக்கு அடியில் படுத்துக் கண்டுபிடித்ததை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தான். அவன் முகத்திலும் ஒரு சந்தோஷம் வந்துபோனதைப் பார்த்தேன். அவனையும் இந்தக் கேள்வி இத்தனை நாளாகக் குடைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

கப்ளரை என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"சென்சார மாத்தறதுக்கு முன்னாடி ஸ்கேனர் போட்டு பாத்த அண்ணாத்த. என்ன மாத்தறதுக்கு முன்னாடி இன்னா போட்டு பாத்த?"

குரலை உயர்த்தவே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்கே வந்துடு. வண்டி உன்னுதுதான்" என்றேன்.

"அது அப்பால. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் மிதிக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும். யார் யார்கிட்ட சொன்னியோ, அவங்ககிட்ட போய் சொல்லு."

மறுநாள் காலை திருவிடந்தை கரைக்குப் போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று நின்றேன். ஏலக்காரர், முன்பு என்னிடம் அவனைப் பற்றி விசாரித்த ஓனர், மீன் எடுக்க வந்திருந்த என் மார்க்கெட் அம்மாக்களில் மூன்று பேர், ஐஸ் உடைக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தால் பாதியில் கதையை மாற்றிவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதனால் ஒரே இடத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். என் டிரைவர் வண்டியை மிதிக்கவில்லை, ஓட்டை போட்டது நான், அவனைப் பற்றி நான் சொன்னது எல்லாம் பொய் என்றேன்.

ஒரு மீன்கார அம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "சோறு துண்ற பொழப்புல மண்ண போட்டுட்டு இப்போ வந்து சொல்றியே நைனா" என்றாள். ஐஸ் உடைக்கிறவர் சிரித்தார். நான் தாங்கிக்கொண்டேன்.

ஓனர் மட்டும் பக்கத்தில் வந்தார்.

"நான் கேட்டப்போ ஏன் அப்படி சொன்ன?"

"தெரியாம சொல்லிட்டேண்ணா."

"தெரியாதுன்னு சொல்லி இருக்கலாமே" என்றார்.

இத்தனை வயசில் எனக்கு அப்படி ஒரு பதில் சொல்லலாம் என்று தோன்றியதே இல்லை. வண்டியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எனக்கு ஒரு பதில் இருக்கும். அவர் அங்கேயே நின்று போனை எடுத்து அவனைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ரயில் ஓடும் சத்தம் கேட்டது, கூடுவாஞ்சேரிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பான்.

"என் வண்டிய எடுக்கிறியாப்பா? நாளையிலருந்து."

"இன்னாண்ணா திடீர்னு?"

"உன் பழைய ஓனரு வந்து சொன்னாரு. எல்லார் முன்னாடியும் சொன்னாரு."

"அவரு வாயாலயா சொன்னாரு?" என்று கேட்டான்.

"ஆமா. இங்கதான் நிக்கிறாரு."

நான் வாயைத் திறந்தேன். அவன் நாளையிலிருந்து என் வண்டிக்கு வந்துவிடுவான் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தேன். அதைச் சொல்லவந்து, சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

"செரிண்ணா, வரேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். அந்தக் கரையில் அவனைவிட நன்றாக ஓட்டுகிற ஆள் கிடையாது. எனக்கு அது எப்போதோ தெரியும். நான் போய் மீன் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினேன்.